ஈரம் காயுமுன்

மட்டக்களப்பு மாவட்டத்து உன்னிச்சையில் யானை அடித்தால் என்ன செய்ய வேண்டும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். உடைந்த சுவரையும் சிதறிய நெல்லையும் அப்படியே விட்டுவைப்பார்கள். விடிந்ததும் கிராம சேவகருக்குச் சொல்வார்கள். ஆயித்தியமலைப் பொலிஸில் முறைப்பாடு போடுவார்கள். வனஜீவராசிகள் திணைக்களத்து ஆட்கள் வந்து பார்க்கும்வரை முற்றத்துக் காலடித் தடத்தை ஓலை போட்டு மூடிவைத்த வீட்டையும் நான் கண்டிருக்கிறேன். வெள்ளத்தில் வயல் அழிந்தாலும் அப்படித்தான். வட்டை விதானையாரைக் கூட்டிவந்து காட்டுவதும், கமநல சேவை நிலையத்துக்கு ஓடுவதும், படிவம் நிரப்புவதும் எல்லாருக்கும் பழகிப்போன வேலைகள்.

அதே ஊரில் ஒரு பெண் பொதுக் கட்டடம் ஒன்றின் படியில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால் யாரும் எதையும் மூடிவைப்பதில்லை. தூக்கிவிடுகிறவர்கள் முதலில் சேலையைச் சரிசெய்கிறார்கள், பிறகு தண்ணீர் கொடுக்கிறார்கள். இன்னொருவர் வாளியோடு வந்து படியைத் தேய்த்துக் கழுவிவிடுகிறார். இன்னும் ஆள் விழக்கூடாதே என்ற நல்ல மனம்தான் அது. "விதி மனே, ஆரைக் குறை சொல்லுற?" என்று விழுந்தவரே சொல்கிறார். யானையின் சேதத்துக்குக் கணக்குக் கேட்கிற ஊர், பாசியின் சேதத்தை அவரவர் கிரகம் என்று விட்டுவிடுகிறது. சட்டம் இதைப்பற்றி என்ன சொல்கிறது, அதன் முன் போய் நிற்க என்னென்ன சான்று வேண்டும், அவற்றில் எவை உன்னிச்சை அடங்கிய படுவான்கரையில் கிடைக்கக்கூடியவை என்பதைத்தான் இங்கே பார்க்க விரும்புகிறேன்.

இது சின்ன விடயம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. உலகில் ஆண்டுதோறும் சுமார் 684,000 பேர் விழுந்ததால் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. தற்செயல் காயங்களால் நேரும் மரணங்களில் வீதி விபத்துக்கு அடுத்த இடம் இதற்கு. இறப்பவர்களில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டோர் நம்முடையதைப் போன்ற குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் வாழ்ந்தவர்கள். மருத்துவம் தேவைப்படும் அளவுக்கு விழுவோர் ஆண்டுக்கு 3 கோடி 73 இலட்சம். இவற்றில் பெரும்பாலானவை எவருடைய பிழையும் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். வயது, கண்பார்வை, சீனி வருத்தம், சொந்த வீட்டுக் கிணற்றடி என்று காரணம் பல. மீதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை: செய்ய வேண்டியவர் செய்யாமல் விட்டதால் விழுந்தவர்களைப் பற்றி.

உன்னிச்சைப் பக்கம் அப்படிப்பட்ட இடங்களுக்குக் குறைவில்லை. மாரி தொடங்கினால் தை கழியும்வரை சீமெந்து காய்வதில்லை. குளக்கட்டின் படிகள், துருசடி, வாய்க்கால் மதகுகள், தவிடு படிந்த நெல் ஆலைத் தரை, வாவியைக் கடக்கும் பாதைப்படகின் இரும்புத் தட்டு எல்லாம் அந்த மாதங்களில் வழுக்கும். சுனாமிக்கும் யுத்தத்துக்கும் பிறகு எழுந்த கட்டடங்களோடு புதிதாக ஒன்று சேர்ந்தது: வாசற்படிவரை பதித்த பளபளப்பான மாபிள். வீட்டின் உள்ளறைக்கு ஏற்ற அந்தத் தரையை மழைச்சாரல் அடிக்கும் வெளிப்படியில் பதித்தால், தேய்ந்த பாட்டாவோடு வருகிறவருக்கு அது சவர்க்காரம் பூசிய பலகைக்குச் சமம். பிரித்தானியாவில் ஊசல் கருவி ஒன்றால் தரையின் பிடிமானத்தை அளக்கிறார்கள். ஈரத்தில் 36 அல்லது அதற்கு மேல் வந்தால் வழுக்கும் ஆபத்து குறைவு, 24 அல்லது அதற்குக் கீழே வந்தால் ஆபத்து அதிகம் என்பது அங்கே நடைமுறையிலுள்ள அளவுகோல். அந்தக் கருவி நம் படிக்கு வரப்போவதில்லை. ஆனால் வழுக்கல் என்பது அளந்து சொல்லக்கூடிய ஒன்று, விதி அல்ல என்பதை அது காட்டுகிறது.

என் பெரியம்மா விழுந்ததும் அப்படியொரு மாபிள் படியில்தான். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். அன்று ஆஸ்பத்திரியில் வைத்தியர் "எப்படி நடந்தது?" என்று கேட்டபோது பதில் சொன்னவன் நான். பொலிஸ் விசாரணை, அலைச்சல் என்று ஒன்றும் வந்துவிடக்கூடாது என்ற பயத்தில், "வீட்டில வழுக்கி விழுந்துட்டா" என்றேன். எட்டு மாதத்துக்குப் பிறகு, அவர் இனிக் கைத்தடி இல்லாமல் நடக்கமாட்டார் என்று தெரிந்தபின், ஒரு சட்டத்தரணியிடம் போனோம். அவர் டயக்னோசிஸ் காட்டை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு மடித்துத் திருப்பித் தந்தார். அந்தப் படியில் அதற்குள் புதிய சொரசொரப்பான கல் பதித்துவிட்டிருந்தார்கள். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த ஒரு நிமிடம்தான்.

சட்டத்துக்கு வருவோம். இலங்கையில் இவ்வகைத் தீங்குக்கு நட்டஈடு கேட்பது ரோமன் டச்சுச் சட்டத்தின் வழியில். நிதானமுள்ள ஒரு குடும்பத் தலைவன் அந்த இடத்தில் இருந்திருந்தால் இந்த ஆபத்தை முன்கூட்டி உணர்ந்திருப்பானா, உணர்ந்து தடுக்க ஏதும் செய்திருப்பானா என்பதே அதன் அளவுகோல். ஆம் என்றால், செய்யாமல் விட்டது கவனயீனம். அந்தக் கவனயீனம்தான் காயத்தை உண்டாக்கியது என்றும், காயத்தால் இவ்வளவு இழப்பு என்றும் வழக்காளி காட்ட வேண்டும். குற்றவியல் வழக்கைப் போல் சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டியதில்லை. எது நடந்திருக்கக்கூடும் என்ற தராசில் தட்டு நம் பக்கம் சற்றே தாழ்ந்தால் போதும். ஆனால் சங்கிலியின் ஒரு வளையமும் விடுபடக்கூடாது. 2001 இல் உயர் நீதிமன்றம் தீர்த்த நாடறிந்த மருத்துவக் கவனயீன வழக்கு ஒன்றில், வைத்தியரிடம் கவனயீனம் இருந்தது என்று கண்டபின்னும், அதுவே குழந்தையின் மரணத்துக்குக் காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை என்பதால் பெற்றோருக்கு நட்டஈடு கிடைக்காமல் போனது. படியில் விழுந்தவருக்கும் அதே கணக்குத்தான். படி வழுக்கலாக இருந்தது என்பது ஒரு வளையம், அந்தப் படியில்தான் விழுந்தார் என்பது இன்னொன்று, எலும்பு அப்போதுதான் முறிந்தது என்பது மூன்றாவது.

அரசின் இடத்தில் விழுந்தாலும் வழி உண்டு. அரசு தன் ஊழியரின் தவறுக்கும், தன் கட்டுப்பாட்டிலுள்ள சொத்தினால் வரும் தீங்குக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்று 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் கூறுகிறது. வேலை செய்யும் இடத்தில் விழுந்த தொழிலாளிக்கு நிலைமை இன்னும் இலகு. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி முதலாளியின் கவனயீனத்தைக் காட்டவே தேவையில்லை. வேலையின்போது, வேலையின் காரணமாக நேர்ந்த விபத்து என்று காட்டினால் போதும். நெல் ஆலையில் மூட்டை சுமப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? நான் கேட்டுப் பார்த்தவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. முதலாளி மருந்துக்குத் தந்த காசோடு கதை முடிந்தது என்றே நினைத்திருந்தார்கள்.

இவ்வகை வழக்குகளில் எதிராளி வழக்கமாகச் சொல்லும் பதில் ஒன்றுதான்: "எங்களுக்குத் தெரியாது. அந்த ஈரம் அப்போதுதான் வந்திருக்கும்." ஆகவே ஆபத்து எவ்வளவு நேரமாக அங்கே இருந்தது என்பதே வழக்கின் உயிர். இதை எனக்கு விளங்கவைத்தவை அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்து இரண்டு வாழைப்பழத்தோல் வழக்குகள். 1901 இல் தீர்ந்த முதல் வழக்கில், பொஸ்டனில் ரயிலை விட்டு இறங்கிய பயணி ஒருவர் மேடையில் கிடந்த தோலில் வழுக்கி விழுந்தார். அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதே ரயிலில் வந்த வேறொருவர் அந்தத் தோலை ஒரு நிமிடத்துக்கு முன் எறிந்திருக்கலாமே என்றது நீதிமன்றம். 1911 இல் தீர்ந்த மற்ற வழக்கில், அதே ஊரில் இன்னொரு ரயில் நிலையத்தில் ஒரு பெண் விழுந்தார். இந்தத் தோல் காய்ந்து, கறுத்து, மண் ஒட்டி, மிதிபட்டுத் தட்டையாகிக் கிடந்ததைப் பார்த்தவர்கள் சாட்சி சொன்னார்கள். நெடுநேரமாகக் கிடந்த தோலை ஊழியர்கள் அகற்றியிருக்க வேண்டும் என்று அவர் பக்கம் தீர்ப்பானது. தோலின் நிறம்தான் இரண்டு வழக்கையும் பிரித்தது.

நம் ஊரில் அந்தக் கறுத்த தோலின் இடத்தில் இருப்பது பாசி. வாழைத்தோலைவிடவும் நல்ல சாட்சி அது. தண்ணீர் ஒரு நொடியில் சிந்தலாம், பாசி ஒரு நாளில் படராது. படியின் ஓரத்தில் தடித்த பச்சை, நடுவில் கால்பட்டுத் தேய்ந்த கரும்பச்சை, அதன்மேல் ஒருவர் சறுக்கிய நீளமான கோடு: இந்த மூன்றும் ஒரே படத்தில் விழுந்தால், கட்டடத்துக்குப் பொறுப்பானவர் வாரக்கணக்கில் அதைப் பார்த்தும் பாராமலும் போய்வந்தார் என்பதை அந்தப் படமே சொல்லும். கைப்பிடிக் கம்பி முறிந்த இடத்தில் ஏறிய துரு, வெடிப்பில் முளைத்த புல், கூரைப்பீலி ஒழுகி ஒழுகிச் சுவரில் விழுந்த கறை எல்லாம் காலம் எழுதிய தேதிகள். இவற்றைத்தான் நல்ல மனதுடன் வாளியும் தும்புத்தடியுமாக வருகிறவர் ஐந்து நிமிடத்தில் அழித்துவிடுகிறார்.

அதனால் படம் எடுப்பது முதல் வேலை. இன்று அநேகமாக எல்லார் கையிலும் தொலைபேசி இருக்கிறது. தூரத்திலிருந்து ஒன்று, கட்டடம் எதுவென்று தெரியும்படி. பிறகு கிட்ட வந்து, விழுந்தவர் நடந்துவந்த திசையிலிருந்து, அவர் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று காட்டும்படி. அதன்பின் பாசி, வெடிப்பு, உயரம் ஒவ்வொன்றும் தனித்தனியாக. அளவு தெரிய அருகில் ஒரு செங்கல்லோ அடிமட்டமோ வைக்கலாம். படிகளின் உயரத்தை நாடாவால் அளந்து எழுதிவைக்க வேண்டும். ஒரு படி மற்றதைவிட ஓரங்குலம் உயர்ந்திருந்தாலும் கால் தடுமாறும். இல்லாதவற்றையும் எடுக்க வேண்டும்: கைப்பிடி இல்லை, எச்சரிக்கைப் பலகை இல்லை, மின்குமிழ் எரியவில்லை. பொதுக் கட்டடங்களுக்குள் மாற்றுத்திறனாளிகள் போய்வரும் வசதிகள் பற்றி 2006 இல் வந்த ஒழுங்குவிதிகள் நாட்டில் நடைமுறையில் இருக்கின்றன. கைப்பிடியும் சாய்தளமும் யாரோ தரும் சலுகை அல்ல.

எடுத்த படத்தை வட்ஸ்அப்பில் மகனுக்கு அனுப்பிவிட்டுத் தொலைபேசியிலிருந்து அழித்துவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. வட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது, எடுத்த நேரமும் இடமும் பற்றிய உள்விபரங்கள் போய்விடும். மூலப்படம் எடுத்த தொலைபேசியிலேயே இருக்கட்டும். இத்தகைய பதிவுகளை நீதிமன்றத்தில் வைக்க 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சிய விசேட ஏற்பாடுகள் சட்டமும், 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டமும் வழிசெய்கின்றன. முதலாவது சட்டத்தின்படி விசாரணைக்குக் குறித்த நாளுக்கு 45 நாட்களுக்கு முன்பே மறுதரப்புக்கு அறிவிக்க வேண்டும். கடைசி நேரத்தில் சட்டத்தரணியின் கையில் தொலைபேசியைத் திணித்தால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. கடையிலோ வங்கியிலோ விழுந்திருந்தால் அங்குள்ள சீசீடிவிப் பதிவு சில நாட்களில் அல்லது வாரங்களில் தானாக அழிந்து மேலெழுதப்பட்டுவிடும். அதை அழிக்காமல் வைக்குமாறு அதே வாரத்தில் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போட்டுப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ள வேண்டும். கேட்டும் அழித்தார்கள் என்றால் அந்தக் கடிதமே ஒரு சான்று.

விழுந்தபோது காலில் இருந்த செருப்பைக் கழுவக்கூடாது. ஒரு பையில் போட்டுக் கட்டித் தேதி எழுதி வைக்க வேண்டும். தேய்ந்த செருப்பென்றால் அது நமக்கு எதிராகவும் திரும்பலாம். இருந்தாலும் மறைக்கக்கூடாது. மறைத்தது வெளிப்பட்டால் மற்ற உண்மைகளையும் யாரும் நம்பமாட்டார்கள்.

ஆபத்தை முன்பே அறிந்திருந்தார்கள் என்று காட்டும் எழுத்துச் சான்று கிடைத்தால் வழக்கு பாதி நிலைத்துவிடும். படுவான்கரையில் இது எதிர்பாராத இடங்களில் கிடைக்கிறது. 1946ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கிறது. விவசாயிகள் எழுந்து "இந்த மதகு உடைஞ்சு கிடக்கு, அந்தத் துருசடியில கால் வைக்க ஏலாது" என்று சொல்வதும், அது கூட்ட அறிக்கையில் ஏறுவதும் வழமை. கிராம அபிவிருத்திச் சங்கத்தின் அறிக்கைப் புத்தகத்திலும், பிரதேச சபைக்குப் போன மகஜரின் பிரதியிலும் இப்படியான வரிகள் கிடக்கும். அந்த வரியை எழுதியவர் ஒருநாள் அது சாட்சியாகும் என்று நினைத்து எழுதியிருக்கமாட்டார்.

இவற்றைத் தேடி எடுக்க 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. இந்தச் சட்டத்தை நம் மக்கள் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்பது என் ஆழமான கவலை. கட்டடத்தைப் பராமரிக்க எவ்வளவு ஒதுக்கினார்கள், கடைசியாக எப்போது திருத்தினார்கள், ஒப்பந்தகாரர் யார், இதே இடத்தில் முன்பு விழுந்தவர்கள் முறையிட்டார்களா, விழுந்த அன்று குளத்தடியில் பதிவான மழை எத்தனை மில்லிமீற்றர், வான் கதவு திறந்திருந்ததா என்றெல்லாம் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். எழுத முடியாதவர் வாயால் சொன்னால், அதை எழுதிக்கொள்வது அலுவலரின் கடமை. காரணம் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

இதே தேடலை இங்கிலாந்தில் ஒரு பெண் தன் கண்ணாலேயே செய்தார். டெஸ்கோ அங்காடியில் சிந்திக்கிடந்த தயிரில் அவர் வழுக்கி விழுந்தார். நாளுக்கு ஐந்தாறு தடவை தரையைக் கூட்டுகிறோம் என்றது கடை. சில வாரங்களின் பின் அதே கடைக்குப் போனவர், தரையில் சிந்திய தோடம்பழச் சாறு கால்மணி நேரமாகத் துடைப்பாரின்றிக் கிடந்ததைக் கவனித்து வைத்துக்கொண்டார். அவர் விழுந்த அன்று அந்த இடத்தைக் கடைசியாக எப்போது கூட்டினார்கள் என்று கடையால் சொல்ல முடியவில்லை. 1976 இல் வெளிவந்த மேன்முறையீட்டுத் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக இருந்தது. விழுந்த இடத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்ப்பதன் பெறுமதி இதுதான்.

மருத்துவப் பதிவுக்கு இப்போது வருகிறேன். என் குடும்பம் தோற்ற இடம் இது. விழுந்தவர் முதலில் யாரைச் சந்திக்கிறாரோ அவர் எழுதும் முதல் வரிக்கு, அதன்பின் வரும் நூறு பக்கங்களைவிடக் கனம் அதிகம். வழக்கு நினைப்பே இல்லாத வேளையில் சொன்ன சொல் என்பதால் நீதிமன்றம் அதை நம்பும். எங்கே, எப்படி, எத்தனை மணிக்கு என்பதை நோயாளியே சொல்ல வேண்டும், முடியாவிட்டால் கண்டவர் சொல்ல வேண்டும். "விழுந்தார்" என்று மட்டும் போதாது. "இன்ன கட்டடத்தின் வாசற்படியில், மழையீரத்தில்" என்று பதிவாகட்டும். வைத்தியருக்குத் தமிழ் தெரியாமல் இடையில் ஒருவர் மொழிபெயர்த்தால், என்ன எழுதினார் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது தவறல்ல. ஆஸ்பத்திரியிலுள்ள பொலிஸ் பிரிவில் பதிவு போட்டால் சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்கும் வழி திறக்கும். 1990 சுவசெரிய அம்புலன்ஸில் போயிருந்தால் அழைப்பு வந்த நேரமும் ஏற்றிய இடமும் அவர்களிடம் இருக்கும். டயக்னோசிஸ் காட், எக்ஸ்றே, கிளினிக் கொப்பி ஆகியவற்றை மூட்டை கட்டிவைக்க வேண்டும். எக்ஸ்றே படத்தை அலுமாரிக்கு மேல் போட்டு வெயிலில் சுருளவிடும் பழக்கம் போக வேண்டும்.

முறிவு நெரிவு பார்க்கும் பரியாரியைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். படுவான்கரையில் கை கால் முறிந்தால் அவரிடம் போவது தலைமுறைப் பழக்கம். அந்தக் கைகளின் அனுபவத்தை நான் மதிக்கிறேன். என் முழங்கையைப் பொருத்தியதும் அப்படியொருவர்தான். ஆனால் பத்துப் போட்டுக் கட்டியதற்குத் தாளில் தடயம் இல்லை. முதலில் ஒரு எக்ஸ்றே, அதன்பிறகு பரியாரி என்று போனால் இரண்டும் நடக்கும். பதிவுபெற்ற வைத்தியராயின் அவரிடமும் தேதியிட்ட துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கலாம்.

பொலிஸ் என்றதும் நம் மக்கள் ஒதுங்குவதற்குக் காரணம் உண்டு. 2007 இல் படுவான்கரை முழுதும் இடம்பெயர்ந்ததையும், அதற்கு முந்திய பிந்திய ஆண்டுகளையும் அனுபவித்தவர்களுக்குக் காக்கிச் சட்டைக்காரர் ஒருவரின் புத்தகத்தில் தன் பெயர் ஏறுவதே நடுக்கம். அந்த நடுக்கம்தான் என்னையும் பொய் சொல்லவைத்தது. இருந்தும் முறைப்பாட்டுப் பதிவு ஒன்று, வேறு எந்தத் தாளும் தராத திகதி நிச்சயத்தைத் தரும். வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்கும் உரிமை நமக்கு உண்டு. வாசித்துக் காட்டச் சொல்லி விளங்கியபிறகே கையொப்பம் இட வேண்டும். பதிவின் இலக்கத்தையும் தேதியையும் குறித்துக்கொண்டு வந்தால், பின்னர் உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம்.

கண்டவர்களைத் தேடுவதிலும் தாமதம் கூடாது. ஓட்டோக்காரர், தேத்தண்ணிக்கடைக்காரர், வரிசையில் பின்னால் நின்றவர் ஆகியோரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் அன்றே வேண்டும். கண்டதை அவர்கள் சொந்த வார்த்தையில் எழுதித் தேதி போட்டுக் கையொப்பமிடச் சொல்லலாம். நாம் சொல்லிக்கொடுத்து எழுதுவித்தால் குறுக்கு விசாரணையின் இரண்டாவது கேள்வியிலேயே அது உடைந்துவிடும். அதே அலுவலகத்தில் வேலை செய்கிறவர் சாட்சி சொல்லத் தயங்கினால் அவரை நெருக்கக்கூடாது. நாளைக்கும் அவர் அந்தக் கதிரையில்தான் உட்கார வேண்டும்.

இழப்பைக் காட்டுவது எல்லாவற்றிலும் கடினம். அரச ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம் என்பது பெரும் பேறு. ஆனால் அதனால் கையில் பில் என்று ஒன்றும் இருப்பதில்லை. களை பிடுங்கும், நாற்று நடும், மாடு பார்க்கும் பெண்ணின் கூலிக்குச் சம்பளச் சீட்டு இல்லை. அவர் வீட்டில் செய்யும் வேலைக்குக் கூலியே இல்லை. இங்கே கொப்பி ஒன்றே துணை. ஆஸ்பத்திரிக்குப் போன ஓட்டோ வாடகை, கூட நின்ற மகள் இழந்த நாட்கூலி, வாங்கிய கைத்தடி, மாத்திரை, அன்றன்றைய வலி, தனியாக மலசலகூடம் போக முடிந்ததா என்பதுவரை நாள் நாளாக எழுதிவர வேண்டும். வேலைக்கு அழைக்கும் வயற்காரர் எத்தனை நாள், என்ன கூலி என்று ஒரு கடிதம் தரலாம். கிராம சேவகரும் உறுதிப்படுத்தலாம்.

எதிர்த்தரப்பு "பார்த்து நடந்திருக்கலாமே" என்று கேட்கும். முன்பெல்லாம் விழுந்தவரிடம் சிறு தவறு இருந்தாலும் வழக்கு முழுதாகத் தோற்கும் நிலை இருந்தது. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அதை மாற்றியது. இப்போது தவறின் பங்குக்கேற்ப நட்டஈடு குறையும், அவ்வளவுதான். இன்னொரு பதில், "எங்களிடம் காசில்லை" என்பது. அதில் ஒரு நியாயம் உண்டு. ரோமன் டச்சுச் சட்டத்தையே பின்பற்றும் தென்னாபிரிக்காவில், நடைபாதைக் குழியில் விழுந்த பெண்ணுக்குக் கேப் டவுன் மாநகர சபை பொறுப்பென்று 2000 இல் அந்நாட்டு மேன்முறையீட்டு உயர் நீதிமன்றம் தீர்த்தது. அதே தீர்ப்பில், பணமில்லாத சிறிய சபை ஒன்று, ஆள் நடமாட்டம் குறைந்த ஒழுங்கையில் எவரும் கண்டு விலகக்கூடிய குழியைத் திருத்தாமல் விட்டால் பொறுப்பு வராமலும் போகலாம் என்றும் சொன்னது. ஆகவே நம் பிரதேச சபைகளுக்கு எதிராகப் போகிறவர், எத்தனை பேர் அந்தப் படியால் போய்வருகிறார்கள், திருத்த எவ்வளவு செலவாகியிருக்கும் என்பதையும் காட்ட வேண்டும். ஒரு மூட்டை சீமெந்தாலோ ஒரு போத்தல் குளோரினாலோ முடிந்திருக்கக்கூடிய காரியத்துக்கு வறுமை பதிலாகாது என்பதே என் எண்ணம்.

கால எல்லையை மறக்கவே கூடாது. தீங்குக்கான வழக்கை 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும். அரசுக்கு எதிரானால் ஒரு மாத எழுத்து முன்னறிவித்தல் முதலில் போக வேண்டும். உள்ளூராட்சி சபைகளுக்கு அவற்றின் சொந்தச் சட்டங்கள் இதைவிடக் குறுகிய காலத்தையே வைத்திருக்கின்றன. சிறு தொகையானால் மத்தியஸ்த சபைக்கு முதலில் போக வேண்டியிருக்கலாம். காசில்லாதவருக்கு மட்டக்களப்பில் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் இருக்கிறது. இதற்கிடையில் ஒருவர் பத்தாயிரம் ரூபாயும் ஒரு தாளும் கொண்டுவந்து கையொப்பம் கேட்டால், அந்தத் தாளைச் சட்டத்தரணிக்குக் காட்டாமல் தொடக்கூடாது.

போன தை மாதம், மழை விட்டிருந்த ஒரு காலையில், ஊரிலிருந்து ஒரு தம்பி அழைத்தான். முதல்நாள் பின்னேரம் அவன் அம்மா ஒரு கட்டடத்துப் படியில் வழுக்கி விழுந்துவிட்டாராம். மணிக்கட்டு முறிவு.

"ஆஸ்பத்திரியில என்னடா சொன்னீங்க?"

"நடந்ததத்தான் அண்ண. படியில வழுக்கினதெண்டு அம்மாவே சொன்னா. எழுதினாங்க."

"செருப்பு எங்க?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "தங்கச்சி கழுவி வெயில்ல வச்சிட்டாள்."

"சரி, போகட்டும். படி?"

"இன்னும் அப்பிடியேதான் கிடக்கு. எட்டரைக்குத்தான் திறப்பாங்க."

மணி ஏழு இருபது.

"அப்ப இப்பவே போ. கையில ஒரு செங்கல் எடுத்துட்டுப் போ."